செல் வளர்த்த நார் வலை வச்சா சுகர் புண் ஆறுமா?

கேள்வி: அப்பாவுக்கு சுகர், கால் புண் மூணு மாசமா ஆறவே இல்ல. உயிருள்ள செல்லை நார் வலையில வளர்த்து புண்ணு மேல வைக்கறாங்களாமே, அதுவே ஒட்டிக்கிட்டு புதுத் தோலா ஆயிடுமா?

பதில்: ஆகாதுங்க. நிறைய பேர் அப்படி நம்பிதான் கேக்கறாங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன். அந்த செல்லு பெரும்பாலும் வேற யாரோடதோ, சில வாரத்துல காணாம போயிடும், கடைசில புதுத் தோல் போடறது அப்பாவோட சொந்த செல்லுங்கதான். அப்புறம் எதுக்கு இதுன்னா, நாள்பட்ட சுகர் புண்ணு வீக்க நிலையிலயே மாட்டிக்கிட்டு நிக்கும், அங்க இருக்கற என்சைம், தோலுக்கு பலம் குடுக்கற கொலாஜன்ங்கற புரத நார் புதுசா வந்தா அதையும் சேத்து அரிச்சுடும், சொந்த செல்லுங்க சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்துல அடித்தோல்ல நார் உண்டாக்கற இளசான ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுங்களை வச்சா, அதுங்க செல்லை வளரத் தூண்டற புரதங்களை (வளர்ச்சிக் காரணி) சுரந்து, ரத்தக் குழாய் முளைக்க வச்சு, பக்கத்து செல்லுங்களை உசுப்பி விடும்.

இந்த மாதிரி செல் வலைல ஒண்ணான டெர்மாகிராஃப்டை எடுத்துக்கோங்க, 2001ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சுகர் கால் புண்ணுக்கு அனுமதிச்சது. வலை பாலிகிளாக்டின், ஆபரேஷன் தையல்ல தானா கரையுமே, அந்த நூல்தான். பிறந்த குழந்தைங்களோட முன்தோல்ல இருந்து எடுத்த செல்லை அதுல வளர்த்து உறைய வச்சு அனுப்பினாங்க, ஆஸ்பத்திரில உறைஞ்சதை கரைச்சு கழுவிட்டு, வாரம் ஒண்ணுன்னு எட்டு வரைக்கும் வச்சாங்க. பெரிய ட்ரையல்ல 12 வாரத்துல புண் முழுசா மூடினது 100க்கு 30 பேருக்கு, சாதாரண சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல 18 பேருக்கு. பலன் நிஜம்தான், ஆனா மீதி 70 பேருக்கு அதுக்குள்ள மூடலைங்கறதையும் பாருங்க. அதனால டாக்டர்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க: காலுக்கு ரத்த ஓட்டம் சரியா இருக்கா, செத்த சதையை சுத்தமா எடுத்தாச்சா, எலும்பு வரைக்கும் கிருமி போயிருக்கா, நடக்கும்போது புண்ணுல எடை விழாத மாதிரி கட்டோ தனி செருப்போ குடுப்பாங்களா. இதெல்லாம் சரியில்லாம எந்த வலை வச்சாலும் வீண், தயவுசெஞ்சு இதைத் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: நானோ நார்னு சொல்றாங்களே, அவ்வளவு மெல்லிசு எதுக்கு?

பதில்: நம்ம தோலுக்குள்ள இருக்கற கொலாஜன் நாரே 50ல இருந்து 500 நானோமீட்டர்தான், தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்கு கூட வராது, செல்லு பிடிச்சு ஊர்றதுக்குப் பழகினது அந்த அளவுதான். அதுக்கு எலக்ட்ரோஸ்பின்னிங்னு ஒரு முறை, 1934லயே பேடன்ட் இருக்கு. பாலிமர், அதாவது பிளாஸ்டிக் மாதிரியான பொருளோட கரைசலை சிரிஞ்சுல ஏத்தி ஊசிக்கு 10, 20 கிலோவோல்ட் குடுத்தா, முனையில நிக்கற சொட்டு கூம்பா இழுபட்டு, அதுல இருந்து ஒரு இழை சுழன்டுகிட்டே பறந்து, கரைப்பான் காத்துல ஆவியாகி, எதிர்ல இருக்கற தகட்டுல டிஷ்யூ பேப்பர் மாதிரி வெள்ளையா படியும். தகட்டுக்கு பதிலா உருளையை வேகமா சுத்தவிட்டா நார் எல்லாம் ஒரே திசையில படியும், செல்லும் அதே திசையில நகரும், புண் ஓரத்துல இருந்து நடுவுக்கு செல்லைக் கூட்டிட்டு வர இதை முயற்சி பண்றாங்க. ஆனா நார் மெல்லிசானா ஓட்டையும் சின்னதாயிடும், செல்லு உள்ள இறங்காம மேலயே படர்ந்து நின்னுடும். அதனால தண்ணில கரையற நாரையும் கலந்து படிய வச்சு, அப்புறம் அதை மட்டும் கழுவி எடுத்து இடம் பண்றாங்க. பாலிமர் தேர்வும் முக்கியம், பிசிஎல்ங்கற பாலிமர் உடம்புல கரைய ரெண்டு வருஷம் கூட ஆகும், பிஎல்ஜிஏங்கறது சில வாரத்துல இருந்து சில மாசத்துல கரைஞ்சிடும்.

கேள்வி: நம்ம சொந்த செல்லையே வளர்த்து வச்சா?

பதில்: பெரிய தீக்காயத்துக்கு வைக்கறாங்க. ரைன்வால்ட், கிரீன்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க 1975ல மேல்தோல் செல்லை லேப்ல வளர்க்கற வழியைக் கண்டுபிடிச்சாங்க, தபால்தலை அளவு தோல்ல இருந்து மூணு நாலு வாரத்துல பெரிய பரப்பை மூடற அளவுக்கு வளர்க்கலாம். ஆனா அடித்தோல் இல்லாம மேல்தோல் மட்டும் வச்சா லேசா உரசினாலே கொப்புளம் வரும், அதனால அடியில கொலாஜன் வலை ஒண்ணை முதல்ல வச்சு அது பிடிச்சப்புறம் வைக்கறது நல்லது. வியர்வைச் சுரப்பி, ரோமம் ரெண்டும் இதுல எதுலயும் இன்னும் திரும்பி வரல, உடம்புல பெரிய பகுதி வெந்து ஆறினவங்க வெயில்ல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், அந்த இடத்துல வேர்க்காததால அவங்களுக்கு சூடு உடம்புக்குள்ளயே தங்கிடும்.