ஃபோர்வீல் கார் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கும் ஆசிரியை. பள்ளிக்கூடம் மூதூரில், கிண்ணியாப் பாலத்தால் தினமும் போய்வர வேண்டும். விடுமுறைக்குக் கணவரின் ஊரான பண்டாரவளைக்குப் போவோம். 2005ஆம் ஆண்டு சுபாரு இம்பிரேசா 1.5 ஒட்டோ கார் ஒன்று, அதே வயதுக் கொரோலாவைவிடப் பல இலட்சம் குறைவாக வந்திருக்கிறது. ஃபோர்வீல் என்கிறார்கள். பெற்றோல் குடிக்கும், பார்ட்ஸ் கிடைக்காது என்று அண்ணா தடுக்கிறார். வாங்கலாமா? ஃபோர்வீலை நிறுத்திவிட்டு ஓட்ட முடியுமா?

பதில்: வாங்கலாம் ரீச்சர். ஆனால் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காரின் அடிப்பக்கத்தையும் நாலு ரயரையும் பார்த்து முடிவெடுங்கள்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் 20 வயதுக் கார்களும் எட்டாத விலைக்குப் போய்விட்டன. கொரோலாவுக்குக் கேட்கும் காசில் பெரும்பங்கு அந்தப் பெயருக்குத்தான். இம்பிரேசா குறைவாக வருகிறதென்றால் அது கூடாத கார் என்று அர்த்தமில்லை. அதில் கை வைக்கத் தெரிந்த பாஸ்மார் (மெக்கானிக்குகள்) குறைவு. நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஆகவே மிச்சமாகும் காசை மிச்சம் என்று நினைக்க வேண்டாம். கார் விலையில் நாலில் ஒரு பங்காவது முதல் வருட வேலைகளுக்கென்று தனியாக வைக்க முடியுமானால் மேற்கொண்டு பாருங்கள். முடியாதென்றால் அண்ணா சொல்வதே சரி.

முதலில் அது உண்மையாகவே ஃபோர்வீல்தானா என்று பாருங்கள். பொனட்டைத் திறந்தால் உள்ளே சின்னத் தகட்டில் செசி இலக்கம் இருக்கும். ஜீ.டி.2 என்று தொடங்கினால் முன்சக்கரம் மட்டும் இழுக்கிற 1.5, ஜீ.டி.3 என்றால் நாலும் இழுக்கும் 1.5. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டொயோட்டாவிலும் இதே கதை: அந்தக் காலக் கொரோலாவில் 121 முன்சக்கரம், 124 ஃபோர்வீல், 1.8 அலியன், பிரிமியோவில் 240 முன்சக்கரம், 245 ஃபோர்வீல். சொந்தக்காரருக்கே இது தெரியாமல் இருப்பதுண்டு. இலக்கம் சரியாக இருந்தாலும் ஒருமுறை கீழே குனிந்து பின்பக்கம் போகும் புரொப்பெல்லர் சாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிரச்சினை வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, திருகோணமலையில் இது எதற்கு உதவும்? உள்ளதைச் சொன்னால், தினப்பாட்டுக்கு அதிகம் உதவாது. மூதூர் ரோட்டு சமதரை. நிலாவெளி மணலுக்குள் இறக்கினால் நாலு சக்கரமும் சேர்ந்தே புதையும். தரையிலிருந்து சுமார் 150 மில்லிமீற்றர் உயரமுள்ள கார், வயிறு மணலில் இருந்துவிட்டால் இழுவை எத்தனை சக்கரத்தில் இருந்தும் பயனில்லை. மாரி மழையில் சந்தியிலிருந்து எடுக்கும்போது வழுக்காது, அது உண்மை. ஆனால் நிறுத்தும்போது எந்தக் காரும் நாலு சக்கரத்தில்தான் பிரேக் பிடிக்கிறது, அதில் இந்தக் காருக்குத் தனிச் சலுகை கிடையாது. மழைக்கு ஃபோர்வீல் இருக்கிறதே என்று வேகமாகப் போய் மாட்டுகிறவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உங்களுக்கு இதன் அருமை தெரியப்போவது பண்டாரவளையில்தான். நனைந்த தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில், பாசி பிடித்த கொங்கிரீட் வளைவில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது கார் அலட்டிக்கொள்ளாமல் ஏறும்.

இனி ரயர். இந்த வகைக் கார்கள் கெடுவதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். நம் ஊரில் வழக்கம் என்ன? இரண்டு ரயர் தேய்ந்தால் இரண்டை மாற்றுவோம், அடுத்த வருடம் மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்வோம். முன்சக்கரக் காருக்கு அது பரவாயில்லை. இதற்குக் கூடாது. கணக்கைப் பாருங்கள். 195/60 ஆர்15 ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.93 மீற்றர். புதிதில் ரயரின் பூ, அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், 8 மில்லிமீற்றர் ஆழம் என்று வையுங்கள். பாதி தேய்ந்து 4 ஆகும்போது சுற்றளவு 25 மில்லிமீற்றர் குறைந்துவிடும். முன்னுக்குப் புதிது, பின்னுக்குப் பாதி தேய்ந்தது என்று போட்டால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பின்சக்கரம் 7 சுற்று கூடச் சுற்ற வேண்டும். கொழும்புக்கு ஒருமுறை போவதற்குள் அது சுமார் 1,800 சுற்றாகிவிடும். நேர் ரோட்டில் போனாலும் அந்த வித்தியாசம் முழுவதையும் கியர்பொக்ஸின் பின்பக்கத்தில் இருந்து பின்சக்கரத்துக்கு இழுவையை அனுப்புகிற கிளச்தான் வழுக்கி வழுக்கித் தாங்க வேண்டும். சூடாகும், ஒயில் கருகும், கிளச் தட்டுகள் தேயும்.

அமெரிக்காவில் சுபாரு சொல்லும் எல்லை, நாலு ரயருக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள். பூ ஆழத்தில் அது ஒரு மில்லிமீற்றர்தான். ஆகவே நாலும் ஒரே கொம்பனி, ஒரே மொடல், ஒரே சைஸ், ஒரே தேய்மானம். பார்க்கப் போகும்போது ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுபோங்கள். பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத் திகதியையும் வாசியுங்கள், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நாலு விதமான ரயரோடு ஒரு கார் நின்றால், அதை ஓட்டியவர் ரயரோடு மட்டும் சிக்கனம் பிடித்திருக்க மாட்டார். வாங்கிய பிறகு ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிவிடுங்கள். காற்றையும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கே அடியுங்கள்.

அந்தக் கிளச் ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. முதலில் 20 நிமிடமாவது ஓட்டிக் கியர் ஒயிலை நன்றாகச் சூடாக்குங்கள். குளிரில் ஒளிந்திருக்கும் குறை சூட்டில் வெளியே வரும். பிறகு தார் அல்லது சீமெந்துத் தரையில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, கியரை ‘D’யில் போட்டு, அக்சிலேட்டரைத் தொடாமல் மெதுவாக வட்டமடிக்க விடுங்கள். அப்புறம் மற்றப் பக்கம். கார் தன்பாட்டில் உருள வேண்டும். யாரோ பிரேக்கை மிதிக்கிறதுபோல் இறுகி நின்றாலோ, துள்ளித் துள்ளிப் போனாலோ, கிளச் விடுபடாமல் பூட்டியபடி இருக்கிறது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் அந்த இறுக்கம். விற்கிறவர் தன் வீட்டு மணல் வளவுக்குள் சுற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மணலில் சக்கரம் வழுக்கிக் கொடுத்துவிடும், குறை தெரியாது. ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் கேட்டால் அது முன் சாஃப்ட் ஜொயின்ட், அது வேறு, சின்ன வேலை.

இறுக்கம் இருந்தால் உடனே காரை ஒதுக்கத் தேவையில்லை. கியர் ஒயிலை இரண்டு மூன்று தடவை மாற்றி ஓட்டியதும் சரியாகிவிட்ட கார்களும் உண்டு. ஆகாவிட்டால், இந்த ஒட்டோ கியர்பொக்ஸில் அந்தக் கிளச்சும் அதை இயக்கும் சொலினொய்டும் (மின் வால்வு) பின்பக்க மூடிக்குள் இருப்பதால், முழுக் கியரையும் இறக்காமலே வேலையை முடிக்கலாம். அந்தச் செலவைக் கேட்டறிந்து விலையில் கழியுங்கள்.

ஆனால் துருவுக்கு விலை பேசாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜப்பானில் ஃபோர்வீல் சலூனை அதிகம் வாங்குகிறவர்கள் ஹொக்கைடோ, தொஹோகு போன்ற பனி விழும் பகுதிக்காரர்கள். அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பைக் குடித்த அடிப்பக்கத்தோடு வந்த கார், பிறகு உப்புவெளிக் கடற்காற்றில் நிற்கிறது என்றால் என்ன நடக்கும்? முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் மெல்லிய கம்பிக் கோடுகள் ஓடுகின்றனவா பாருங்கள். அது வைப்பரில் ஒட்டும் பனியை உருக்கும் ஹீட்டர். இருந்தால் குளிர்நாட்டுக்கென்று செய்த கார். அடியை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

சேர்விஸ் நிலையத்தில் ஹொயிஸ்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, பின் ஷொக் மேலே பொருந்தும் இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பிரேக் குழாய்கள், பெற்றோல் ஊற்றும் குழாயின் கழுத்து. இந்தக் கடைசியைப் பலர் பார்ப்பதில்லை. டாங்கி நிரம்ப அடித்ததும் பின்பக்கம் பெற்றோல் மணந்தால் அந்தக் கழுத்து உக்கிவிட்டது. அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீர் என்னும், உக்கினது மொத்தையாகச் சத்தம் போடும். மேல்தட்டுத் துரு வேறு, தாங்கும் சட்டத்தில் ஓட்டை வேறு. இரண்டாவதைக் கண்டால் எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் வாங்கினாலும் மாதம் இரண்டு தரமாவது அடியைக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். கரையோரக் கிணறுகள் பல சவர். அந்தத் தண்ணீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

எஞ்சினில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ரைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டியது. பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வோட்டர் பம்ப், ரென்ஷனர், உருளைகளோடு சேர்த்து மாற்றுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். எஞ்சின் இரு பக்கமும் படுத்திருப்பதால் மேல்மூடி கஸ்கெட் கசியும் ஒயில் நேரே புகைக்குழாயில் விழும். நிறுத்தும்போது கருகல் மணம் வரும். கஸ்கெட் மலிவு, கைக்கூலிதான் கொஞ்சம் கூட. முன் சாஃப்டின் ரப்பர் உறை (பூட்) புகைக்குழாய்ச் சூட்டில் வெடித்துக் கிரீஸ் சிந்தினாலும் அதே மணம்தான்.

ஃபோர்வீலை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். இந்தக் காலத்துச் சுபாரு ஒட்டோ பலவற்றில் பொனட்டுக்குள் ‘எஃப்.டபிள்யூ.டி’ என்று எழுதிய வெற்றுப் பியூஸ் இடம் ஒன்று இருக்கும். அதில் பியூஸ் செருகினால் பின்சக்கர இழுவை விடுபடும். ஆனால் அது பஞ்சராகி மெல்லிய ஸ்டெப்னி போடும் நேரத்துக்கென்று வைத்தது. அந்த ஸ்டெப்னியையும் பின்சக்கரத்தில்தான் போட வேண்டும். முன் ரயர் போனால் பின்னதை முன்னுக்கு எடுத்துவிட்டு ஸ்டெப்னியைப் பின்னுக்குப் போடுங்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்க அந்தப் பியூஸை நிரந்தரமாக வைத்து ஓட்டாதீர்கள். பின் சாஃப்ட்டும் டிஃபரன்ஷலும் (இடது, வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) எப்படியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பாரமும் குறையாது, மிச்சம் சொற்பம். அந்த நேரம் முழுக்கச் சொலினொய்ட் மட்டும் மின்சாரத்தில் நின்று சூடாகும். பெற்றோல் விஷயத்தில் அண்ணா சொன்னது சரிதான், லீற்றருக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர் குறையும். ஆனால் ரேர்போ இல்லாத இந்த எஞ்சினுக்கு 92 ஒக்டேன் போதும். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்த கார் இது. 95க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பார்ட்ஸ் கிடைக்காது என்பது பாதி உண்மை. பெல்ட், பிரேக், பெயாரிங் எல்லாம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் திருகோணமலையில் எடுக்கலாம். பின் டிஃபரன்ஷல், கியர் உள்சாமான்கள் கழற்றிய காரிலிருந்துதான் வரும், தேட வேண்டும். எனக்குக் கவலை பார்ட்ஸ் அல்ல, கை. சுபாரு ஒட்டோவில் முன் டிஃபரன்ஷலுக்குத் தனி ஒயிலும் தனி டிப்ஸ்டிக்கும் உண்டு. பழக்கமில்லாத இடத்தில் எஞ்சின் ஒயில் என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினில் இரட்டிப்பாக ஊற்றி அனுப்புவார்கள். ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் சுபாரு செய்த பாஸ் ஒருவரைத் தேடிப் பிடித்து, காரை அவரிடம் காட்டுங்கள். முன், பின் டிஃபரன்ஷல் இரண்டிலும் ஒயிலைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2025 நவம்பர் தித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் சோதனையை எந்தக் காருக்கும் விடக்கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைக் காட்டுக்குள் கார் நின்றுவிட்டால், முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்துப்போக விடாதீர்கள். பின்சக்கரம் தரையில் உருண்டால் அந்தக் கிளச் அன்றைக்கே போகக்கூடும். நாலு சக்கரமும் மேலே ஏறும் கரியர்தான் வேண்டும்; காப்புறுதி எடுக்கும்போதே அது கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

பத்திரங்களில் ஒன்றே ஒன்று. இந்த வயதுச் சுபாருவுக்கு எஞ்சின் மாற்றுவது சாதாரணம். எஞ்சினில் குத்தியிருக்கும் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். வேறாக இருந்தால், விற்கிறவரே தன் பெயரில் அதைத் திருத்தி எடுத்துத் தரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.