பதில்: ஒரு எஸ்ஏசிடி பாடுது, இன்னொண்ணு "நோ டிஸ்க்" காட்டுது

நண்பரே, ஒரு எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சாதாரண சிடியை விட உயர்ந்த தரத்துல ஒலியைப் பதிஞ்ச டிஸ்க்) பாடுது, இன்னொண்ணு ஏன் பாடலைன்னு கேட்டிருந்தீங்க. உங்க பழைய சிடி பிளேயர்ல கோளாறு இல்லை. லென்ஸைப் போட்டுத் தேய்க்காதீங்க. நீங்க வாங்கின ரெண்டு எஸ்ஏசிடியும் ஒரே ரகம் இல்லை, அவ்வளவுதான்.

பாடுறது ஹைபிரிட் டிஸ்க். அதுல லேசர் படுற பக்கத்துலேர்ந்து 1.2 மி.மீ. ஆழத்துல, லேபிளை ஒட்டி, சாதாரண சிடி அடுக்கு இருக்கு. 0.6 மி.மீ.லயே எஸ்ஏசிடி அடுக்கு. சூட்சுமம் இந்த நடு அடுக்கோட பூச்சுலதான்: சிடி பிளேயரோட 780 நானோமீட்டர் லேசர் அதை ஊடுருவிப் போயிடும், எஸ்ஏசிடி பிளேயரோட 650 நானோமீட்டர் லேசரைத் திருப்பி அனுப்பிடும். அதனால உங்க பிளேயருக்கு நடுவுல ஒரு அடுக்கு இருக்கிறதே தெரியாது. நீங்க கேக்குறதும் வெறும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சாதாரண சிடி தரம்தான். "செம தெளிவு"ன்னு எழுதியிருந்தீங்களே, அது மாஸ்டரிங் (டிஸ்க்ல போடுறதுக்கு முன்னாடி ஒலியைக் கடைசியா மெருகேத்துறது) செஞ்சவரோட கைவண்ணமா இருக்கும்!

பாடாதது ஒற்றை அடுக்கு. சிடி அடுக்கே கிடையாது. சோனி ஆரம்பத்துல விட்டதுல பலதும், ஜப்பான்ல வர்ற எஸ்எச்எம்-எஸ்ஏசிடிங்கிற வகை டிஸ்க்கும் இந்த ரகம். கம்ப்யூட்டர் டிரைவும் படிக்காது. எஸ்ஏசிடி படிக்கிற புளூ-ரே பிளேயர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க. சோனியில பல மாடல் படிக்கும். அடுத்த டிஸ்க்குக்குப் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி, பின்னட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஹைபிரிட்னு போட்டிருக்கான்னு பாருங்க.