உராய்வு எதைத் தடுக்கிறது?

உராய்வு இயக்கத்தைத் தடுக்கும் விசை என்று பள்ளியில் படித்தோம். பிறகு பேருந்து முன்னே செல்வதே உராய்வால்தான் என்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும், அகலமான டயருக்கு உராய்வு கூடுதலா என்பவை கேள்விகள்.

குழப்பம் அந்த முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. உராய்வு தடுப்பது இயக்கத்தை அன்று; தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளில் ஒன்று மற்றதன்மீது வழுக்குவதை. நடக்கும்போது நம் பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. உராய்வு இல்லையென்றால் பாதம் பின்பக்கம் வழுக்கிப் போகும். அந்த வழுக்கலை எதிர்த்துத் தரை பாதத்தின்மீது முன்னோக்கிச் செலுத்தும் விசைதான் நம்மை முன்னே கொண்டுபோகிறது. பேருந்தில் எஞ்சின் சுழற்றும் பின்சக்கரங்களுக்கும் இதே கதைதான். தானாக உருளும் முன்சக்கரங்களின்மீது மட்டும் சாலையின் விசை சிறிதளவு பின்னோக்கி இருக்கும். ஒரே வண்டி, ஒரே சாலை. ஆனாலும் திசை சக்கரத்துக்குச் சக்கரம் மாறுகிறது. எனவே உராய்வின் திசையை அறிய, வண்டி எங்கே போகிறது என்று கேட்காமல், தொடும் பரப்பு எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும்.

திசையைவிட மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அளவில். நான் செங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன்; இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது தென்னை ஏறுபவரைத்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பாதி மரத்தில் அசையாமல் நிற்கிறார் என்றால், மரம் அவர்மீது மேல்நோக்கிச் செலுத்தும் உராய்வு அவர் எடைக்குச் சமமாக ஏறத்தாழ 590 நியூட்டன். அவர் கால்களால் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தால் உராய்வு கூடுமா? வகுப்பே ‘கூடும்’ என்று சொல்லும். கூடாது; கூடினால் அவர் மேலே எழும்பியிருக்க வேண்டும். இறுக்குவதால் உயர்வது உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் விசை. இரு பரப்புகளின் பிடிமானத்தைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் குணகத்தை, அவற்றை ஒன்றோடொன்று அழுத்தும் செங்குத்து விசையால் (பரப்புக்குச் செங்குத்தான விசையால்) பெருக்கி வரும் விடை அந்த வரம்பைத்தான் குறிக்கிறதே தவிர, இந்த நொடியில் செயல்படும் உராய்வை அல்ல. தேவை வரம்பைத் தாண்டியதும் பரப்பு வழுக்கத் தொடங்கும். அதன்பின் இருப்பது இயக்க உராய்வு, பெரும்பாலும் வரம்பைவிடக் குறைவானது. சறுக்கத் தொடங்கியவர் நிற்பது கடினமாவதற்குக் காரணம் இதுவே.

வரம்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு எங்கள் ஊர் ரயில் பாதை நல்ல சான்று. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1904-இல், கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வந்த பாதை அது. 2018-இல் அகலப்பாதையாக முழுமை பெற்றது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை மிகமிகக் குறைவு, எடையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான்; ரயில் சிக்கனமாக ஓடுவது அதனால். ஆனால் பிடிமானமும் அதே எஃகுக்கு இடையில்தான் கிடைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் குணகம் 0.3 என்று கொண்டால், 120 டன் எடையுள்ள எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதானாலும் 36 டன் எடைக்கு இணையான விசைக்குமேல் இழுக்க முடியாது. மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். புனலூர் மலைப்பாதையில் ரயிலின் பின்னாலும் எஞ்சின் சேர்ப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணலைத் தூவும் பெட்டிகளும் எஞ்சின்களில் உண்டு. கணினி வந்த பிறகும் மணல் போகவில்லை என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனி, ஆடியில் இங்கே விழும் சாரல் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. கொட்டும் மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலோ துருவையும் தூசியையும் குழைத்து மெல்லிய பசையாக்கி, பிடிமானத்தைப் பெருமழையைவிட மோசமாகக் குறைக்கும். தார்ச்சாலையிலும் நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறலே ஆபத்தானது, சிந்திய எண்ணெயும் தேய்ந்த ரப்பர்த் தூளும் அப்போது சாலையின்மேல் மிதப்பதால்.

இறக்கத்தில் உராய்வுக்கு வேறொரு வேலை. மொத்தம் 15 டன் உள்ள லாரி, 300 மீட்டர் உயரத்தைச் சீரான வேகத்தில் இறங்கினால், 4 கோடியே 41 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 150 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அத்தனையையும் பிரேக் டிரம்மும் லைனிங்கும் வாங்கிக்கொண்டால் அவை கடுமையாகச் சூடேறி, லைனிங்கின் உராய்வுக் குணகமே சரிந்துவிடும். ஓட்டுநர் முழுப் பலத்துடன் மிதித்தும் வண்டி நிற்காது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று புளியரை மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் சொல்வது, அந்த வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். இயற்பியல் படிக்காமலே ஆற்றல் அழிவின்மை விதியை இவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் வேறு யாருமில்லை என்பது என் கருத்து.

இனி டயரின் அகலம். உராய்வு தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல என்று பிரெஞ்சு அறிஞர் அமோன்தோன் 1699-இல் அறிவித்தார். லியனார்டோ டா வின்சி அதை முன்பே தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார், வெளியிடவில்லை. கண்ணுக்கு வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடுபள்ளமே. இரு பரப்புகளும் மேடுகளின் நுனிகளில் மட்டுமே உண்மையாகத் தொடுகின்றன. அந்தத் தொடுபரப்பு எடைக்கு ஏற்ப வளர்கிறதே அன்றி, வெளியே தெரியும் அகலத்தைப் பொறுத்தன்று. மரம், உலோகம் போன்றவற்றுக்கு இவ்விதி ஓரளவு சரியாகவே பொருந்தும்.

ரப்பர் அவ்வளவு கீழ்ப்படிவதில்லை. மலைக்கு அப்பால், கேரளத்தின் ஆரியங்காவைத் தாண்டியதும் இருபுறமும் தோட்டம் தோட்டமாக நிற்கும் அந்த மரத்தின் பால், டயரான பிறகு சாலையின் நுண்ணிய பள்ளங்களுக்குள் நெகிழ்ந்து புகுந்து பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் கூடக்கூட அதன் குணகம் சற்றுக் குறைகிறது. ஆகவே எடையைப் பரப்பித் தாங்கும் அகல டயர் உலர்ந்த சாலையில் கொஞ்சம் கூடுதல் பிடிமானம் தரும். சூடும் தேய்மானமும் பரவலாகும். நீர் தேங்கிய சாலையில் நிலைமை தலைகீழ்: அகலமான டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் வேகத்தில் நீர்மேல் மிதக்கும் வாய்ப்பு அதற்கே அதிகம். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் உராய்வைக் கூட்டுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள்; அவை நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள், அவ்வளவே. பந்தயக் கார்கள் உலர்ந்த தடத்தில் வழவழப்பான டயரோடுதான் ஓடுகின்றன. உங்கள் கார் டயரின் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தால், அகலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், சாரல் தொடங்குமுன்பே அதை மாற்றிவிடுங்கள்.