இடுப்பு வலிக்கு விலாவில் ஏன் கை வைக்கிறார்?

கேள்வி: என் வீட்டுக்காரர் காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறார். ரொம்ப நாளாக இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள், மூச்சுப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டு நீவியும் பார்த்தாயிற்று. இப்போது ஆஸ்டியோபதி என்கிற, கையால் அழுத்தியும் நீவியும் செய்கிற சிகிச்சை முறை படித்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போகிறோம். அவர் முதுகைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார், அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து விலாவுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மூச்சை இழு, விடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஏமாற்றுகிறாரா?
*வாசகி, காசிமேடு*

பதில்: இல்லைம்மா, அவர் தேடியது உதரவிதானத்தை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரித்த குடை மாதிரி இருக்கிற தசை அது, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுக்கிற மூச்சில் பெரும்பங்கு அதன் வேலைதான். முன்னால் நெஞ்செலும்பின் நுனியிலும், சுற்றிலும் கடைசி ஆறு விலா எலும்புகளிலும் ஒட்டியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு தடித்த கால்களாக இறங்கி இடுப்பு முதுகெலும்பின் மேல் கண்ணிகளைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கேள்விக்கான விடை இந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

பாரமான பெட்டியைத் தூக்கும்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூச்சை அடக்குகிறோம் இல்லையா? அப்போது உதரவிதானம் கீழே அழுத்தி வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றி முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. ஒரு பெட்டிக்கு அது நல்லதுதான். விடிய விடிய அதே வேலை என்றால், மூச்சு விடுவதும் முட்டுக்கொடுப்பதுமாக இரண்டு வேலையும் ஒரே தசையின் தலையில் விழுகிறது. நாள்பட்ட முதுகுவலி உள்ள சிலருக்கு இந்தத் தசை சீக்கிரம் களைத்துப்போவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்டியோபதியை 1874இல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்கிற மருத்துவர். உடம்பின் ஒரு இடம் இறுகினால் வேறொரு இடம் அதற்கு ஈடுகொடுக்கும் என்பது ஆஸ்டியோபதிக்காரர்கள் பார்வை. உதரவிதானத்தை அவர்கள் விசேஷமாகக் கவனிக்கக் காரணம், நெஞ்சையும் வயிற்றையும் இணைக்கிற முக்கியமான குழாய்களெல்லாம் அதைத் தாண்டித்தான் போகின்றன: பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டு, உணவுக்குழாய், திசுக்களிலிருந்து வடிகிற நிணநீரைக் கொண்டுபோகிற குழாய். ஒவ்வொரு மூச்சிலும் அது ஏறி இறங்குவதால் ரத்தமும் நிணநீரும் மேலே இழுபடுகின்றன, இது உடலியலில் உள்ள விஷயம்தான். அதை இயக்குகிற நரம்பு கழுத்திலிருந்து வருகிறது, அதனால் அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

அவர் செய்தது என்னவென்றால், மூச்சை விடும்போது குடை மேலே ஏறும், கட்டைவிரல் அதன் கூடவே விலாவுக்கடியில் மெல்ல உள்ளே போகும், மூச்சை இழுக்கும்போது விரல் இடத்தை விடாமல் நிற்கும், அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். இறுக்கமாகத் தெரியலாம், சுள்ளென்று வலிக்கக் கூடாது. வலித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், விலா எலும்பில் அடிபட்டவர்கள், கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியவர்கள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பலன் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். உதரவிதானத்தை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் சிறியவை, சிலருக்குக் கொஞ்ச காலம் வலி குறைந்தது என்கிற அளவுதான் சொல்கின்றன. நாள்பட்ட முதுகுவலிக்கு ஆஸ்டியோபதி பற்றி பிரான்சில் 400 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. சும்மா தொட்டு மட்டும் விட்டவர்களைவிட உண்மையாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வந்த முன்னேற்றம் மிகச் சிறியது. அதனால் மாதக்கணக்கில் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். நாலைந்து முறையில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

வீட்டில் காசில்லாமல் ஒன்று செய்யலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் எழ வேண்டும், இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். காலையும் மாலையும் ஐந்து நிமிஷம். அப்புறம், பெட்டி கொஞ்சம் இலேசானது என்றால் தூக்கும்போதே மூச்சை விட்டுப் பழகட்டும். ரொம்பப் பாரமென்றால் இன்னொரு கை சேர்த்துத்தான் தூக்க வேண்டும், இதில் வீம்பு வேண்டாம்.

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, உட்காருமிடம் மரத்து சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ யாருடைய கட்டைவிரலுக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: என் பையனுக்கு வீசிங். உதரவிதானத்தைச் சரிசெய்தால் இன்ஹேலரை நிறுத்திவிடலாம் என்கிறார்கள், உண்மையா?
*வாசகர், எண்ணூர்*

பதில்: நிறுத்தாதீர்கள் சார். வீசிங்கில் சுருங்குவதும் வீங்குவதும் நுரையீரலுக்குள் இருக்கிற மூச்சுக்குழாய்கள், விலாவுக்குக் கீழே கை வைத்து அதை விரிக்க முடியாது. மூச்சுப் பயிற்சி கூடுதலாகச் செய்யலாம், பதற்றம் குறையும். இன்ஹேலரைக் கூட்டுவதோ குறைப்பதோ அவனைப் பார்க்கிற டாக்டர் சொன்னால் மட்டும்தான்.