இரவில் கதை கேட்டால் மகன் கூடுதலாக விழித்துக்கொள்கிறான்

மகனுக்கு இரவில் நீங்கள் வாசித்துக் காட்டும் சாகசத் தொடர்கதையைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரவில், ஒரே இருப்பில் முடிந்துவிடுகிற, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற சிறு கதைதான் பொருந்தும்.

“இன்னும் ஒரு அத்தியாயம்” என்று அவன் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்: ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்தான இடத்தில் நிற்கிறது. அடுத்தது என்ன என்று தெரியாமல் எந்தப் பிள்ளை கண்ணை மூடும்?

இரவுக்கான புத்தகத்தை வாங்குமுன் அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்களா, அல்லது யாராவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்களா? பிறகு இரண்டு பக்கங்களைத் தாழ்ந்த குரலில் வாசியுங்கள். கத்தாமல் வாசிக்க முடியாத கதை இரவுக்கு வேண்டாம். நீங்கள் கொழும்பில் வெள்ளவத்தையில் இருப்பதால், அங்குள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் முதலில் புரட்டிப் பார்ப்பது நல்லது. காலி வீதிக் கடைகளில் அவசரமாக வாங்கும் வண்ணப் புத்தகங்கள் பல இரைச்சலானவை.

ஒரே புத்தகத்தையே தினமும் கேட்டால் மறுக்காதீர்கள். தெரிந்த கதை அவனுக்குப் பெரிய ஆறுதல். கைபேசியில் வாசிக்காமல் அச்சுப் புத்தகத்தையே எடுங்கள்.

ஆனால் நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, புத்தகத்தை மாற்றிப் பயனில்லை. அவனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.