பிரெஞ்சு இயக்குநர் ழான் கோக்தோவின் 'ஓர்ஃபே' (1950) படத்தை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

மந்திரத்தைக் கைவேலையாகவே செய்துகாட்டியதுதான் முதல் காரணம் என்பேன். நாயகனான கவிஞன் ஓர்ஃபே கையுறையோடு கண்ணாடிக்குள் கை நுழைக்கும் காட்சி பாதரசத் தொட்டியில் எடுக்கப்பட்டது. தண்ணீர் என்றால் ஒளி ஊடுருவிக் கை உள்ளே தெரிந்துவிடும். பாதரசம் பிம்பத்தைக் காட்டியபடியே கையை விழுங்கிவிடும். கையுறை தானாகப் பாய்ந்து மாட்டிக்கொள்வதற்கு, கழற்றுவதைப் படமாக்கிப் பின்னோக்கி ஓட்டினார்கள், அவ்வளவுதான். (பாதரச ஆவி நஞ்சு, குறும்படம் எடுப்பவர்கள் இதை முயல வேண்டாம்.)

அடுத்தது, இறந்த மனைவி யூரிடிஸை மீட்கப் பாதாளம் போகும் ஓர்ஃபியஸின் கிரேக்கக் கதையைப் போருக்குப் பிந்தைய பிரான்சில் நட்டுவைத்த விதம். மரணம் இங்கே மரியா கசாரெஸ் நடித்த இளவரசி. அவளுடைய ஏவலாட்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். பாதாளத்துக்குக் குண்டுவீச்சில் சிதைந்த சான்-சீர் ராணுவப் பள்ளிதான் களம். கார் வானொலியில் வரும் புதிர் வாக்கியங்கள், போர்க்காலத்தில் லண்டனிலிருந்து ஒலிபரப்பான சங்கேதச் செய்திகளை அப்படியே நினைவூட்டுபவை.

மூலக்கதையில் மனைவியைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற தடை பாதாளத்திலிருந்து மேலே வரும் வழிக்கு மட்டுமே. கோக்தோ அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். கணவன் கண்ணில் படாமலிருக்க யூரிடிஸ் மேசைக்கடியில் ஒளிய வேண்டியிருக்கிறது! கடைசியில் காரின் பின்நோக்குக் கண்ணாடியில் அவன் பார்வை பட, மறைந்துபோகிறாள்.

கவிஞர்கள் கூடும் காபிக்கடைக் காட்சிகள் கொஞ்சம் இழுவைதான். முதல் இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.