240 ஹோம் ரன்தானே?

கேள்வி: ராபர்ட்டோ கிளெமென்டேயை பேஸ்பால் மேதை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். 18 வருடம் ஆடி 240 ஹோம் ரன்தான் அடித்திருக்கிறார். பேப் ரூத் 714, ஹேங்க் ஆரன் 755. விமான விபத்தில் இறந்துபோன அனுதாபத்தில்தானே ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைக்கூடத் தளர்த்தி அவரை பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்?

பதில்: அனுதாபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அனுதாபத்தால்தான் என்று நீங்கள் சொல்வதுதான் தப்பு, அதுவும் ஹோம் ரன் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வது ரொம்பவே தப்பு.

முதலில் அந்த 240-ஐயே எடுத்துக்கொள்வோம். ஹோம் ரன் என்றால் ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றி ஓடிக் கடைசியான ஹோமைத் தொடுவது, பெரும்பாலும் பந்து சுவரைத் தாண்டிப் போனால்தான் அது நடக்கும். கிளெமென்டே வலக்கை ஆட்டக்காரர், வலக்கை ஆட்டக்காரர் இழுத்து அடித்தால் பந்து இடப்பக்கம் போகும். 1955-லிருந்து 1970 நடுப்பகுதி வரை அவருடைய சொந்த மைதானம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு. அங்கே இடது ஓரத்துச் சுவரே 365 அடி தள்ளி இருந்தது, இடதுக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட ஆழமான மூலையோ 457 அடி, ஏறக்குறைய 139 மீட்டர். சர்வதேச கிரிக்கெட்டில் எல்லைக்கோடு 82 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி, அதோடு வைத்துப் பாருங்கள், தூரம் புரியும். நீங்கள் சொல்லும் ரூத்தும் தன் கடைசி மூன்று ஹோம் ரன்களை, 1935 மே 25 அன்று, இதே மைதானத்தில்தான் அடித்தார். ஆனால் அவர் இடக்கை ஆட்டக்காரர், வலது ஓரம் 300 அடிதான். (அவருடைய 714-வது அடி வலப்பக்கக் கூரையையே தாண்டிப் போனது, அது எந்த மைதானத்திலும் ஹோம் ரன்தான், ரூத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசையில்லை.)

அப்படிப்பட்ட மைதானத்தில் கிளெமென்டே என்ன செய்தார்? ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அடித்துவிட்டு ஓடினார். மொத்தம் 3,000 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸையாவது சேர்வதுதான் ஹிட்), அதில் ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓடியது மட்டும் 166 முறை. பேட்டிங் சராசரி .317, அதாவது ஆயிரம் முறை அடிக்க நின்றால் 317 ஹிட். பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்று கொண்டாடுகிற ஆட்டம் இது. அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் சராசரியில் முதல் பேட்ஸ்மேனாக நான்கு வருடம் வந்திருக்கிறார்: 1961, 64, 65, 67. 1956 ஜூலை 25-ல் சிகாகோ கப்ஸோடு ஆடிய ஆட்டத்தைப் படித்துப் பாருங்கள். கடைசி இன்னிங்ஸ், பிட்ஸ்பர்க் 5-8 என்று பின்தங்கியிருக்கிறது, மூன்று பேஸிலும் ஆள். இவர் அடித்த பந்து மைதானத்தை விட்டு வெளியே போகவில்லை, ஆனாலும் மூன்றாவது பேஸ் அருகே நின்ற மேனேஜர் நிற்கச் சொல்லிக் கைகாட்டியும் நிற்காமல் ஓடி வந்து ஹோமைத் தொட்டு 9-8 என்று ஜெயிக்க வைத்தார். அதுவும் அந்த 240-ல் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறது.

ஃபீல்டிங்கைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை! வலது ஃபீல்டில் நின்று அவர் எறியும் பந்துக்குப் பயந்து ஓட்டக்காரர்கள் அடுத்த பேஸுக்குப் போகாமல் நின்றுவிடுவார்கள். சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை 1961-லிருந்து 1972 வரை ஒரு வருடம்கூட விடாமல் 12 முறை வாங்கினார். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை 1960, 1971 என்று இரண்டு முறை ஆடினார், இரண்டிலும் அணி ஜெயித்தது, அந்த 14 ஆட்டங்களில் அவர் ஹிட் அடிக்காத ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. 1971-ல் அவருக்கு 37 வயது. எதிரணியான பால்டிமோர்தான் ஜெயிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது .414 சராசரியில் அடித்தார். 2-1 என்று முடிந்த ஏழாவது ஆட்டத்தில் ஒரு ரன் அவருடைய ஹோம் ரன். தொடர் நாயகன் விருதும் அவருக்குத்தான்.

இவ்வளவையும் எந்த நிலைமையில் செய்தார் என்பதையும் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா என்ற ஊரில், கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவரின் கடைசிப் பிள்ளை. கறுப்பர், அதோடு தாய்மொழி ஸ்பானிஷ். புளோரிடாவில் பயிற்சிக்குப் போனால் வெள்ளைக்கார சக ஆட்டக்காரர்கள் சாப்பிடும் ஹோட்டலுக்குள் இவர் போக முடியாது. பத்திரிகைக்காரர்கள் இவருடைய ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் அச்சடித்துக் கேலி செய்தார்கள், விளையாட்டு அட்டைகளில் ராபர்ட்டோ என்ற பெயரை பாப் என்று மாற்றிப் போட்டார்கள். அவர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, கோபப்பட்டார், வாய்விட்டுச் சொன்னார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அடக்கம் முடியும் முன் ஆட மாட்டோம் என்று பைரேட்ஸ் வீரர்கள் மறுத்ததில் முன்னால் நின்றவர்களில் இவர் ஒருவர், அதனால் சீசன் தொடக்கமே தள்ளிப்போனது. 1971-ல் ஜெயித்த கையோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் மைக்கைப் பிடித்து, முதலில் ஸ்பானிஷில் தன் அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். எனக்கு அவருடைய எந்த ஹிட்டையும்விட அது பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் அந்த விமானம். விபத்தில் இறந்தார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். 1972 டிசம்பர் 23-ல் நிகரகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. முந்தைய மாதம்தான் போர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணியின் மேனேஜராக அங்கே இருந்துவிட்டு வந்திருந்தார், அந்த ஊர் மனிதர்களை அவருக்குத் தெரியும். நிவாரணப் பொருட்களைத் திரட்டி அனுப்பினார். அந்த நாட்டுச் சர்வாதிகாரி சோமோசாவின் காவல்படை அதையெல்லாம் அபகரிக்கிறது என்று செய்தி வந்தது. சரி, நானே போய் நின்றால் என்னை மீறி எடுக்க மாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு, மனைவியையும் மூன்று சின்னப் பையன்களையும் விட்டுவிட்டு, அளவுக்கு மேல் 4,000 பவுண்டுக்கும் அதிகமாகப் பாரம் ஏற்றிய ஒரு பழைய டிசி-7 விமானத்தில் ஏறினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அது கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் போய்விட்டார்கள். அவருக்கு வயது 38, உடல் கிடைக்கவே இல்லை.

ஹால் ஆஃப் ஃபேம் விதிக்கு வருவோம். கிளெமென்டேக்காகத்தான் முதல்முறை தளர்த்தினார்கள் என்று நினைக்காதீர்கள், நோயில் விழுந்த ஆட்டக்காரர் லூ கெரிக்குக்கு 1939-லேயே காத்திருக்காமல் இடம் கொடுத்தார்கள். 1973-ல் கிளெமென்டேக்கு 424 வாக்கில் 393 விழுந்தது, உள்ளே போக 75 சதவீதம் போதும், அவருக்கு விழுந்தது 92-க்கும் மேல். சரியாக 3,000 ஹிட் அடித்து, 12 கோல்டு கிளவும் வைத்திருந்த ஒருவர் ஐந்து வருடம் காத்திருந்து 1978-ல் வந்திருந்தால் மட்டும் வெளியே நிறுத்தியிருப்பார்களா? அவருக்குப் பிறகு விதியையே திருத்திவிட்டார்கள்: ஆட்டக்காரர் இறந்துவிட்டால் ஐந்து வருடம் வேண்டாம், ஆறு மாதம் போதும்.